ரோஸ் கலர் பேசின்



போன கிழமை எங்கள் பாத்ரூம் படம் ஒன்றை ஸ்டேட்டஸில் போட்டிருந்தோம். "எங்க வாங்கின?", "எவ்வளவு முடிஞ்சது?", "எந்த பாஸ் செஞ்ச?" என்று ஊர்க்காரர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். வாங்கவும் இல்லை, பாஸும் இல்லை. நாங்களே வீட்டில் பெயின்ட் அடித்ததுதான். அதுவும் இரண்டாம் தடவை. முதல் தடவை நடந்ததையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் யாராவது எங்களைப் பார்த்து அதே பிழையைச் செய்வீர்கள். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறோம். நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள்.

அந்த பேசினுக்கு வயது முப்பத்தெட்டு. வாப்பா ஜித்தாவில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு 1987-இல் ஊர் வந்து கட்டியது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் குளிப்பு முழுக்காட்டு எல்லாம் கிணற்றடியில்தான். வீட்டுக்குள்ளே பாத்ரூம் என்றாலே ஆட்கள் மூக்கைச் சுளித்த காலம். வாப்பா அங்கே கண்டது போலவே வேண்டும் என்று மேசன் பாஸோடு மல்லுக்கட்டி, கொங்கிரீட் பலகை ஒன்று போட்டு, அதன் மேல் நாலு இஞ்சி டைல்ஸ் ஒட்டி, நடுவில் பேசினை இறக்கியிருந்தார். டைல்ஸ் கோப்பிக் கலர். நாலுக்கு ஒன்றில் பூ. பேசின் ரோஸ் கலர். கொழும்பிலிருந்து வைக்கோல் சுற்றி லொறியில் வந்ததாம். பேசின் பார்க்க வந்தவர்களுக்குப் பிளேன்டீ ஊற்றியே ஒரு கிலோ சீனி முடிந்தது என்று உம்மா இன்றைக்கும் சொல்வார்.

அந்தப் பெருமையெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களுக்கு அது கூட்டாளிமாரிடம் காட்ட வெட்கப்படுகிற ஒரு சாமான். டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்துப்போய், பூவெல்லாம் தேய்ந்து, மூலையில் இரண்டு டைல்ஸ் உடைந்திருந்தன. பேசினில் டெப்புக்குக் கீழே தண்ணீர் விழும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தடித்த படை. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். கேத்தலுக்குள் கையை விட்டுப் பாருங்கள்.

மாற்ற நினைக்காமல் இல்லை. நினைத்த நேரமெல்லாம் ஒன்று வந்தது. 2020-இல் டைல்ஸ், பேசின் இறக்குமதியை நிறுத்தினார்கள். கடையில் இருந்ததற்குச் சொன்ன விலை விலையல்ல. பொறுத்துப் பார்ப்போம் என்றிருந்தோம். 2022-இல் டொலர் இருநூற்றிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் பாய்ந்தது. அந்த வருடம் யார் பேசினைப் பற்றி யோசித்தது? கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற ஆட்கள்தானே நாமெல்லோரும். பிறகு சாமான் வந்தது, ஆனால் பழைய விலை வரவில்லை. போன வருடக் கடைசியில் ஒரு பாஸைக் கூட்டி வந்து காட்டினோம். பலகையை உடைத்து, கல் போட்டு, புது பேசின், டெப், கூலி எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சம் என்றார். வீட்டில் இரண்டு பேரும் ஆசிரியர்கள் என்றால் ஆட்கள் என்னவோ நினைக்கிறார்கள். சம்பளத்தில் லோன் வெட்டின மிச்சத்தை அவர்கள் பார்த்ததில்லை.

வாப்பா ஒருநாளும் "உடைக்காதீங்க" என்று சொன்னதில்லை. பாஸ் வந்து அளந்துகொண்டிருக்கும்போது கதவடியில் நின்று, "ஒடைக்கிற எண்டா ஒடைங்க. எனக்குப் பொறகு ஒடச்சா இன்னம் நல்லம்" என்றார். பாஸ் சிரித்துக்கொண்டே அளவு நாடாவைச் சுருட்டினார்.

அப்போதுதான் பெயின்ட் யோசனை வந்தது. மகள் ஃபோனில் ஒரு வீடியோ காட்டினாள். வெளிநாட்டில் ஒரு பெண் பழைய பேசினுக்கும் டைல்ஸுக்கும் வெள்ளை அடிக்கிறாள். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. மூன்று நிமிட வீடியோவில் மூன்று நாள் வேலை இருக்கும் என்பது பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற எங்களுக்கே விளங்கவில்லை.

நோன்பு விடுமுறை. பெருநாளைக்கு எல்லோர் வீட்டிலும் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், நாங்கள் பாத்ரூமுக்கும் சேர்த்து அடிப்போம் என்று முடிவெடுத்தோம். கதவு ஜன்னலுக்கு வாங்கின வெள்ளை எனமல் பெயின்ட் மிச்சம் இருந்தது. சவர்க்காரம் போட்டு ஒரு கழுவு. துணியால் துடைத்தோம். தராவீஹ் முடிந்து வந்து இரவு பத்து மணிக்குத் தொடங்கி, ஸஹருக்கு எழும்பும் நேரம் வரை பேசின், டைல்ஸ், பக்கச் சுவர் எல்லாவற்றுக்கும் இரண்டு கோட். ஜன்னல் ஒன்றுதான். அந்த மணம் தலைக்குள் ஏறி, அடுத்த நாள் நோன்போடு தலையைத் தூக்க முடியாமல் கிடந்தோம்.

இன்னொரு கூத்து. ஸுபஹுக்கு வுழூ செய்யப்போனால் கையெல்லாம் பெயின்ட். நகத்தில், விரல் இடுக்கில், முழங்கையில். மருதோண்டி என்றால் நிறம் மட்டும்தான், பரவாயில்லை. எண்ணெய்ப் பெயின்ட் அப்படியல்ல, தோலுக்கு மேலே படையாக நிற்கும், கீழே தண்ணீர் படாது. சின்ன வயதில் மத்ரஸாவில் படித்த மஸ்அலா அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. தேங்காயெண்ணெய் பூசித் தேய்த்து, நகத்தை ஊசியால் சுரண்டி, முடிகிறபோது ஜமாஅத் முடிந்துவிட்டது. வேலை தொடங்கு முன் நூறு ரூபாய்க்கு ஒரு சோடி கையுறை வாங்கியிருக்கலாம்.

ஆனால் பார்க்க என்ன வடிவு! எல்லாம் பால் வெள்ளை. பெருநாள் தினம் வந்த ஆட்கள் எல்லோரும் புதுசு என்றே நினைத்தார்கள். நாங்களும் மறுத்துச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் அக்குறணையிலிருந்து மாமி குடும்பம் வந்தார்கள். சாப்பிட்டு எழும்பிக் கை கழுவப் போன மாமி, வெளியே வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஒரு முழு நீளத்துக்கு வெள்ளைத் தோல். "இது என்ன மகன், பேசின் உரியுது?" என்றார். தண்ணீர் போகும் ஓட்டையைச் சுற்றி உரிந்து, கீழே பழைய ரோஸ் கலர் தெரிந்தது. பிள்ளைகள் ஓடிப்போய் எட்டிப் பார்த்துச் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் முகம் சூடாகிறது.

அது வெட்கம் மட்டும்தான். மற்றது அப்படியல்ல.

வாப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருக்கிறது. ஒரு கண்ணுக்கு ஒப்பரேஷன் செய்யத் திகதிக்குக் காத்திருந்தோம். சீனி வருத்தமும் உண்டு. பெருநாள் கழிந்து நாலாம் நாள் ஸுபஹுக்கு முன் பாத்ரூமில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டு ஓடினோம். பல் செட் போட்டு வைக்கும் கிளாஸ் நிலத்தில் நொறுங்கிக் கிடக்கிறது. வாப்பா வெறுங்காலோடு அதன் மேல் நிற்கிறார். இரத்தம்.

"வெச்சதுதான். பலகைல வெச்சேன்" என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

பலகையில் வைக்கவில்லை. பலகை முடிந்து ஒரு விரற்கடை தள்ளிக் காற்றில் வைத்திருக்கிறார். முப்பத்தெட்டு வருடமாகக் கோப்பி நிறத்தில் இருந்த பலகை, ரோஸ் நிறத்தில் இருந்த பேசின், வெள்ளைச் சுவர். அவருக்கு அந்த மூன்றும் மூன்று நிறமாகத் தெரிந்தவரைக்கும் கண் மங்கல் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. நாங்கள் ஒரே இரவில் மூன்றையும் வெள்ளையாக்கிவிட்டோம். பலகை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியவே இல்லை. நாலு நாளாகத் தடவித் தடவித்தான் வுழூ செய்திருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. பிள்ளைகள் கஷ்டப்பட்டுச் செய்தது, ஏன் குறை சொல்வது என்று இருந்திருப்பார்.

காலில் மூன்று தையல். சீனி உள்ள ஆள், கால் காயம் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறி முடிய ஆறு கிழமைக்கு மேல் சென்றது. ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். காயத்தைச் சுற்றிக் கறுத்து வந்த ஒரு கிழமை, எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், ஆறியது.

கண் கிளினிக்கில் இதைச் சொன்னபோது டொக்டர் எங்களைத்தான் திருத்தினார். கண் மங்கினவர்களுக்கு வெளிச்சம் எவ்வளவு முக்கியமோ, நிறத்துக்கும் நிறத்துக்கும் உள்ள வித்தியாசமும் அவ்வளவு முக்கியம். படிக்கட்டின் விளிம்பு, மேசையின் விளிம்பு, டொய்லட் இருக்கை எல்லாம் சுற்றியிருப்பதோடு கலந்துபோகாத நிறமாக இருக்க வேண்டும். வெள்ளைப் பீங்கானில் வெள்ளைச் சோறு வைத்தால்கூட அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. வீட்டில் வயசாளிகள் இருக்கிற எல்லோரும் இந்த ஒரு விஷயத்தையாவது கவனியுங்கள். பெயின்ட் கதை பிறகு.

ஒரு மாதிரி மனம் தெளிந்த பிறகு, உரிந்தும் உரியாமலும் நிற்கிற அந்த அசிங்கத்தை என்ன செய்வது என்று யோசித்தோம். எங்களிடம் தரம் 11 வரை படித்த பிள்ளை ஒருவர் இப்போது கராஜில் வாகனத்துக்குப் பெயின்ட் அடிக்கிறார். படிக்கும் காலத்தில் விஞ்ஞானப் பாடத்தில் அவருக்கு நாங்கள் போட்ட புள்ளியை இங்கே சொல்லமாட்டோம். வந்து பேசினைப் பார்த்தார். நகத்தால் ஒரு கீறு. சாண் நீளத்துக்கு உரிந்து வந்தது.

"சேர், இது கண்ணாடி. கண்ணாடிக்கு மேல பெயின்ட் நிக்காது. நீங்க தேய்க்கவே இல்லயே" என்றார்.

"கழுவினோமே."

"கழுவுறது வேற சேர். நாங்க ஒரு கதவுக்கு அடிக்கிறது பத்து நிமிஷம். தேய்க்கிறது அரை நாள்."

விஞ்ஞானம் படிப்பிக்கிற எங்களுக்கு அவர் பாடம் எடுத்தார். அவர் சொன்னதில் ஒரு சொல் பிழையில்லை. பேசினும் டைல்ஸும் களிமண்ணில் செய்தாலும் மேலே பளபளப்பாக இருப்பது உருகி உறைந்த கண்ணாடிதான். ஒரு துளை கிடையாது, பெயின்டுக்குப் பிடித்துக்கொள்ள இடமே இல்லை.

இதில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு, ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பளபளப்பை உருகச்செய்வது பெல்ஸ்பார் என்ற கல். இலங்கையில் அது தோண்டப்படும் பெயர்பெற்ற இடம் நம் ரத்தோட்டைக்கு மேலே கைகாவல, ஓவல பக்கம். பொரலஸ்கமுவ, மீட்டியாகொட பக்கத்திலிருந்து வெண்களி, எங்கள் மலையிலிருந்து பெல்ஸ்பார், அத்தோடு படிகக் கல். எல்லாவற்றையும் அரைத்து, ஆயிரத்து இருநூறு பாகை அளவில் சுட்டால் பேசின் ஆகிறது. வரக்காமுறையில் நொரிடாகே பீங்கான் தொழிற்சாலை இருப்பதால் நம் ஆட்களுக்கு இது புதிதல்ல. அங்கே வேலை செய்தவர்கள் இல்லாத குடும்பம் குறைவு. அலுமாரியில் உம்மாமார் பூட்டி வைத்திருக்கிற அந்தப் பீங்கான்களை எடுத்துப் பாருங்கள், வாங்கின நாளைப் போலவே மினுங்கும். ஆயிரத்து இருநூறு பாகையில் பிடித்ததை, மிச்சம் இருந்த எனமலால் ஒரே இரவில் மறைக்கப் பார்த்த ஆட்கள் நாங்கள்.

அப்படியென்றால் பேசின் ஏன் அவ்வளவு அசிங்கமாக இருந்தது? இந்தக் கேள்வியை அந்தப் பிள்ளைதான் கேட்டார். "சேர், பெயின்ட்ட உரிச்சிட்டு முதல்ல பேசின நல்லாக் கழுவிப் பாருங்க. பிறகு யோசிப்பம்."

சுடுதண்ணீர் ஊற்றி ஊற வைத்து, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் தள்ளினோம். அவித்த முட்டைத் தோல் போல வந்தது. இரும்புக் கத்தி போடாதீர்கள், கோடு விழும். பிறகு அந்தச் சாம்பல் படை. அது அழுக்கு அல்ல, சுண்ணாம்பு. அமிலம் பட்டால் கரையும், தரம் 10 பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும், கரும்பலகையில் சமன்பாடு எழுதத் தெரியும், எங்கள் பேசினில் செய்து பார்க்கத்தான் தோன்றவில்லை. பழைய துணியை வினாகிரியில் நனைத்து, படை உள்ள இடத்தில் அப்பி, இரவு முழுக்க விட்டோம். காலையில் பாதி இளகியிருந்தது. மிச்சத்துக்குத் தேசிக்காயை இரண்டாக வெட்டி உப்புத் தொட்டுத் தேய்த்தோம். நுரைத்து நுரைத்துக் கரைந்தது. மூன்று இரவு. மூன்றாம் நாள் காலையில் அந்த ரோஸ் கலரைப் பார்த்து உம்மா, "லொறில வந்த அண்டைக்கு இப்பிடித்தான் இருந்திச்சி" என்றார்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கை. வினாகிரியோ டொய்லட் கழுவுகிற எசிட்டோ போட்ட இடத்தில் வெள்ளையாக்குகிற குளோரின் சாமான் எதையும் சேர்க்காதீர்கள், சின்ன பாத்ரூமுக்குள் அந்த வாயு ஆளை விழுத்தும். மற்றது, டைல்ஸ் இடுக்கில் இருப்பது சீமெந்து, அதையும் அமிலம் தின்னும். பட்டால் உடனே கழுவிவிடுங்கள்.

ஆக, பேசினுக்குப் பெயின்டே தேவைப்படவில்லை. நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கிற, பல் துலக்குகிற, மூன்று தலைமுறை வுழூ செய்கிற இடம் அது. எவ்வளவு நல்ல பெயின்டாக இருந்தாலும் முதலில் விட்டுக்கொடுப்பது அந்த ஓட்டையைச் சுற்றித்தான். பேசினின் மினுக்கம் முழுதாகத் தேய்ந்துபோய், மாற்ற வழியே இல்லை என்றால் மட்டும் அதில் கை வையுங்கள் என்பது எங்கள் அபிப்பிராயம். எனாமல் உரிந்த இரும்புத் தொட்டிக்கு அடிப்பதெல்லாம் வேறு கணக்கு.

பலகை அப்படியல்ல. டைல்ஸ் உண்மையாகவே தேய்ந்து உடைந்திருந்தது. அதற்குப் பெயின்ட் வேண்டும்தான். அந்தப் பிள்ளை முதலில், வாகனத்துக்கு அடிக்கிற டூ பேக் பெயின்ட்டை ஸ்ப்ரே பண்ணித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றோம். அதன் ஹார்ட்னரில் உள்ள சாமான் மூச்சுக்குழாய்க்குக் கூடாது, சிலருக்கு ஆஸ்துமாவையே உண்டாக்கும். கராஜில் அடித்தாலும் சரியான மாஸ்க் இல்லாமல் அடிக்காதே என்று அவருக்கும் சொன்னோம். பாடம் எடுக்க எங்களுக்கும் ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. கடைசியில் தரைக்கும் டைல்ஸுக்கும் அடிக்கிற இரண்டு டின் எபொக்சி வாங்கினோம். ஒன்றில் பெயின்ட், மற்றதில் ஹார்ட்னர்.

ஆகஸ்ட் விடுமுறை வரை காத்திருந்தோம். மழைக்காலத்தில் எபொக்சி அடிக்கக் கூடாது, ஈரக் காற்று பட்டால் மேலே பிசுபிசுவென்று ஒரு படை வரும்.

முதலில் பேசின் விளிம்பைச் சுற்றியிருந்த பழைய சிலிகனை பிளேடால் வெட்டி எடுத்தோம். ஒரு துளி மிச்சம் இருந்தாலும் அந்த இடத்தில் பெயின்ட் விலகி ஓடி வட்டம் வட்டமாக நிற்குமாம். உடைந்த மூலையை எபொக்சி புட்டியால் நிரப்பினோம், இடுக்குகளையும் அதே புட்டியால் மட்டமாக்கினோம். பிறகு தேய்ப்பு. வாட்டர் பேப்பர் 220-இல் தொடங்கி 400 வரைக்கும். தண்ணீர் தொட்டுத் தொட்டு இரண்டு பின்னேரம் முழுக்கத் தேய்த்தோம். மினுக்கம் எங்கேயும் இருக்கக் கூடாது, சிலேட் போல மங்கலாக வேண்டும். மூலைகளில்தான் ஆட்கள் களவெடுப்பது. நாங்களும் எடுத்தோம், அந்தப் பிள்ளை வந்து கண்டுபிடித்து மறுபடியும் தேய்க்க வைத்தார்.

பரீட்சை ஒன்றும் சொல்லித் தந்தார். தேய்த்து முடித்த இடத்தில் சுத்தமான தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒரே தகடாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாகச் சேர்ந்தால் இன்னும் எண்ணெய்ப் பசை இருக்கிறது. எங்கள் பலகை முதல் தடவை ஃபெயில். மகன் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுக் கை ஊன்றியிருக்கிறான். மறுபடி சவர்க்காரம், மறுபடி ஸ்பிரிட்.

மகன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, பலகைக்கு மேலே உள்ள ஜன்னல் சட்டத்தையும் தேய்க்கத் தொடங்கினான். அதில் வாப்பா காலத்துப் பச்சை எண்ணெய்ப் பெயின்ட். கையைப் பிடித்து நிறுத்தினோம். நம் நாட்டில் பெயின்டில் சேர்க்கும் ஈயத்துக்குச் சட்டப்படி அளவு வைத்தது 2013 ஜனவரி 1-ஆம் திகதியிலிருந்துதான். அதற்கு முந்திய எனமல் பெயின்ட் எதிலும் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூசி பிள்ளைகளின் மூச்சில் போகும், மூளைக்குக் கேடு. பழைய கதவு ஜன்னல் உள்ள வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை விட்டுத் தேய்க்க வைக்காதீர்கள். தேய்க்கத்தான் வேண்டுமென்றால் தண்ணீர் தொட்டு, பெரியவர்கள் செய்யுங்கள். எங்கள் ஜன்னல் இன்னும் பச்சைதான்.

நிறத்தை வாப்பாவிடம் கேட்டோம். முதல் தடவை கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"பழைய கலரே அடிங்க. கோப்பி" என்றார்.

கையுறை போட்டு, ஜன்னல் கதவு திறந்து, டேபிள் ஃபேனை வெளியே பார்க்க வைத்துத் தொடங்கினோம். அளவுக்கு இருமல் பாணிக் கோப்பை. டின்னில் போட்ட விகிதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். நாங்கள் ஆசையில் முதல் தடவையே கூடக் கலந்துவிட்டோம், பாதி அடிக்கும்போது கோப்பை சூடேறி, பெயின்ட் பாணியாகி, அவ்வளவும் வீண். பஞ்சு ரோலரால் மெல்லிய கோட் மூன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் இரவு. தடிப்பாக ஒரே கோட் அடித்து முடிக்கலாம் என்று கை துடிக்கும். வேண்டாம். முன்பக்க விளிம்புக்கு மட்டும் இரண்டு விரல் அகலத்தில் கிறீம் கலர் கோடு. அது டொக்டர் சொன்னதை நினைத்து மகள் சொன்ன யோசனை.

அடித்தது லேசு. காத்திருந்ததுதான் பாடு. தொட்டால் ஒட்டாது என்பது காய்ந்தது அல்ல. ஏழு நாள் தண்ணீர் படக் கூடாது. ஆறு பேர் உள்ள வீட்டில், ஐந்து வேளை தொழுகிற வீட்டில், பேசின் இல்லாமல் ஏழு நாள். வாப்பாவுக்கு முற்றத்துப் பைப்படியில் பிளாஸ்டிக் கதிரை போட்டோம். பகலில் பரவாயில்லை. ஸுபஹுக்கு இருட்டிலும் குளிரிலும் அவரை வெளியே கூட்டிப்போக மனமில்லாமல், கேத்தலில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து, கட்டிலடியில் பேசம் வைத்து ஊற்றிக் கொடுத்தோம். பிள்ளைகள் முறை வைத்து எழும்பினார்கள். நாலாம் நாள் மகன் மறந்து ஈரச் சவர்க்காரப் பெட்டியைப் பலகையில் வைத்துவிட்டான். அந்த வட்டம் இன்றைக்கும் இருக்கிறது. ஸ்டேட்டஸ் படத்தில் பல் துலக்கும் கோப்பையை அதன் மேல்தான் வைத்து எடுத்தோம்.

குறை வேறும் உண்டு. இடது மூலையில் பெயின்ட் ஒழுகின ஒரு துளி அப்படியே நிற்கிறது. ரோலர் பஞ்சு ஒன்று ஒட்டிக்கிடக்கிறது. வெயில் படும் ஜன்னல் பக்கம் காலப்போக்கில் நிறம் மாறும் என்று கடைக்காரர் சொல்லித்தான் தந்தார். அடித்து நாலு மாதம். உரியவில்லை. டேப் ஒட்டி இழுத்தும் பார்த்தோம், வரவில்லை. பத்து வருடம் நிற்குமா என்று கேட்காதீர்கள், பத்து வருடம் கழித்து எழுதுகிறோம். செலவு, எபொக்சி, புட்டி, தாள், ரோலர், கையுறை, புது சிலிகன் எல்லாம் பதினோராயிரத்துச் சொச்சம். பேசினுக்கான செலவு இரண்டு போத்தல் வினாகிரியும் ஏழு தேசிக்காயும்.

எட்டாம் நாள் ஸுபஹ். வாப்பா உள்ளே போனார். நாங்கள் கதவடியில் நிற்பது அவருக்குத் தெரியாது. விளிம்பைத் தடவவில்லை. பல் செட் கோப்பையைக் கொண்டுபோய் நேரே பலகையில் வைத்தார். அது இப்போது கண்ணாடி அல்ல, சிவப்புப் பிளாஸ்டிக். டெப்பைத் திறந்தார். கொஞ்ச நேரம் பேசினைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி வாறது காணாது. டேங்க பாக்கோணும்" என்றார்.

பார்த்தோம். டேங்க் வால்வில் சுண்ணாம்பு அடைத்திருந்தது. அதற்கும் வினாகிரிதான்.

இரண்டு டின்னிலும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கிறது. கோப்பிக் கலர். ஒரு சின்ன மேசைக்கோ ஜன்னல் படிக்கோ போதும். உக்குவளை, வரக்காமுறை, மாத்தளை டவுண் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் இன்பொக்ஸ் பண்ணுங்கள், சும்மா தருகிறோம். அளவுக் கோப்பையும் சேர்த்து.